வலைக்கு நின்ற லாரிகள்

இந்தக் கடிதத்தை நீ படிக்கும்போது உனக்கு வண்டி ஓட்டும் வயது வந்திருக்கும். சைக்கிளோ, மோட்டார் சைக்கிளோ, உன் தாத்தாவைப் போல லாரியோ, இல்லை நான் இன்று பெயர்கூட அறியாத வேறு எதுவோ, ஏதோ ஒன்றை நீ ஓட்டிக்கொண்டிருப்பாய். இன்றைக்கு உனக்கு ஒன்பது மாதம். தூளிக்கு வெளியே ஒரு கால் தொங்கத் தூங்கிக்கொண்டிருக்கிறாய். "அவன் வளர்ந்த பிறகு எதிரில் உட்காரவைத்துச் சொல்லேன், இப்போது என்ன அவசரம்" என்று உன் அப்பா சிரித்தார். அவருக்கு என்னைத் தெரியும், தெரிந்துதான் கேட்டார். மீசை முளைத்த ஓர் ஆள் எதிரில் நின்றால், அவன் நான் பெற்ற பிள்ளையே ஆனாலும் எனக்குப் பேச்சு வராது. முந்தானையைத் திருகிக்கொண்டு "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்பேன். எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

உன் அப்பாவுக்கு அரக்கோணத்துக்கு மாற்றலாகிவிட்டது. திங்கட்கிழமை திருவொற்றியூரை விட்டுக் கிளம்புகிறோம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் நேற்று எனக்குச் சந்தனம் கொடுத்து, பழத்தட்டு கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். இன்று காலை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டு டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, அடியில் நீல அட்டை போட்ட என்னுடைய பழைய நோட்டு கிடைத்தது. அதைத் திறந்தால் உனக்கு ஒன்றும் புரியாது. பக்கம் பக்கமாக நேர்கோடுகளும் பெருக்கல் குறிகளும்தான் இருக்கும். நேர்கோடு என்றால் ஒரு வண்டி மெதுவாகப் போனது அல்லது நின்றது என்று பொருள். பெருக்கல் குறி என்றால் நிற்காமல் போனது. இந்தக் கடிதத்தை அந்த நோட்டுக்குள்தான் வைக்கப்போகிறேன். அந்தக் கணக்கில் நான் தெரிந்தே செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

சாலையில் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் அதன்படி போகிறார், இன்னொருவர் போவதில்லை. ஒரே ஆள் காலையில் அதன்படி போகிறார், மத்தியானம் போவதில்லை. ஏன் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குக் கேள்வி. என்னையே எடுத்துக்கொள். நான் காலேஜுக்குப் போன நாட்களில் பாரிமுனைக்கு டிராம் ஓடியது. நிற்பதற்கு முன் இறங்கக் கூடாது என்று உள்ளேயே எழுதியிருப்பார்கள். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் முதன்முதலாக பி.ஏ. வரைக்கும் போன பெண் நான். எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் விடமாட்டேன். அந்த வாசகத்தையும் தினமும் படிப்பேன், தினமும் டிராம் நிற்பதற்குள் குதித்துவிடுவேன். அவசரமெல்லாம் இல்லை. டிராம் நின்ற பிறகு எழுந்தால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் நான் இறங்குவதைப் பார்ப்பார்கள் என்ற கூச்சம். விதியை மீறுகிறவர்கள் எல்லாரும் முரடர்கள் என்று யாராவது உன்னிடம் சொன்னால், கூச்சத்தால் மீறிய உன் அம்மாவை நினைத்துக்கொள்.

படிப்பு முடிந்து நான் ஆரம்பப் பள்ளிக்கு வேலைக்கு வந்ததற்கும் அந்தக் கூச்சம்தான் காரணம். உயரமான பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நின்று பேச எனக்கு நடுக்கம். எங்கள் பள்ளிக்கூடம் எண்ணூருக்குப் போகும் சாலையின் மேற்குப் பக்கம். கிழக்குப் பக்கம் மீனவர் குப்பம், அதற்குப் பின்னால் கடல். துறைமுகம் கட்டிய பிறகு கடல் எங்கள் பக்கத்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்துவிட்டது. வலை காயப்போடக் கரையில் இடம் போதவில்லை. நூல் வலையை வெயிலில் காயவிடாமல் வைத்தால் இற்றுப்போகும். அதனால் குப்பத்தார் வலையைத் தூக்கிக்கொண்டு தார் சாலைக்கு வந்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் சாலையின் ஒரு பாதியில் வலை விரிந்து கிடக்கும். மறுபாதியில் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே லாரிகள் ஓடும். கடலின் மணலைத் துறைமுகம் எடுத்துக்கொண்டது, துறைமுகத்தின் சாலையை வலை எடுத்துக்கொண்டது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். இரண்டுக்கும் நடுவே எங்கள் பிள்ளைகள் கடந்து வர வேண்டும். பள்ளியில் பாதிக்கு மேல் குப்பத்துப் பிள்ளைகள். காலை ஒன்பதரைக்கு ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை, கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள், ஓடிப் போவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வள்ளி என்ற பெண் விழுந்தாள். மூன்றாம் வகுப்பு. கடந்துகொண்டிருக்கும்போது ஒரு லாரி குறைக்காமல் வந்தது. அவள் பின்னால் துள்ளினாள், கீழே விழுந்தாள், கை மணிக்கட்டு முறிந்தது. லாரி தொடவில்லை, நிற்கவும் இல்லை. எந்த லாரி என்று யாருக்கும் தெரியவில்லை. உன் தாத்தா, என் அப்பா, அப்போதும் அதே சாலையில்தான் லாரி ஓட்டினார். அன்று அவருடைய வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது, அதனால் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவராக இருந்திருக்கலாம் அல்லவா?

மறுநாள் வள்ளியின் அம்மா மரகதம் பள்ளிக்கு வந்தாள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பின்னால் ஏழெட்டுப் பெண்களோடு உள்ளே வந்தாள். தலைமை ஆசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். அவர் நாற்காலியைக் காட்டினார். மரகதம் உட்காரவில்லை.

"பெரிய டீச்சர், எம் பொண்ணு படிச்சி கலெக்டர் ஆவ வோணாம். உசுரோட இருந்தா போதும். ரெண்டு கையும் இருந்தா எறாலாவது உரிப்பா."

"லாரிக்காரங்க பண்ணதுக்கு ஸ்கூல் என்னம்மா பண்ணும்?" என்றார் பெரிய டீச்சர்.

"அத்த நீதான் ரோசன பண்ணணும். நீதான படிச்சவ. இந்த மாசம் வரிக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லாங்காட்டி எங்க குப்பத்துலேர்ந்து ஒரு புள்ள ரோட்டத் தாண்டாது." போகும்போது என்னைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, நீ வாயே தொறக்கல. உனுக்கும் சேத்துதான் சொன்னேன்" என்றாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆண் பிள்ளைகள் எப்படியாவது திரும்பி வந்துவிடுவார்கள். பெண்கள் வரமாட்டார்கள். இறால் உரிக்க உட்கார்ந்த பெண் மறுபடி ஸ்லேட்டை எடுத்ததை நான் பார்த்ததே இல்லை. வள்ளி வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து முன்னால் சொல்வாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரிய டீச்சர் எழுதிக் கேட்டு, சாலை ஓரத்தில் ஒரு போர்டு வந்தது. இங்கிலீஷில் இருந்தது. லாரிக்காரர்கள் அதைப் படிக்க முடியாததால்தான் நிற்கவில்லை என்று நான் உறுதியாக நம்பினேன். படித்தவளுக்கு வரும் நம்பிக்கை அது: எழுத்து புரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பெயிண்டரைக் கூப்பிட்டு "பள்ளிக்கூடம், மெதுவாகப் போகவும்" என்று தமிழில் எழுதவைத்தேன். பிறகு மாடி வகுப்பின் ஜன்னலில் உட்கார்ந்து, பிள்ளைகள் வரும் நேரத்தில் எந்த வண்டி நிற்கிறது, எது நிற்கவில்லை என்று இந்த நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். ஐந்து நாள் குறித்தேன். போர்டைத் தமிழில் எழுதியும் ஒரு பயனும் இல்லை. பெருக்கல் குறிகள்தான்.

ஆனால் ஜன்னலில் உட்கார்ந்த பிறகு வேறு சில தெரிய ஆரம்பித்தன. அவற்றை நோட்டின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன், நீ பார்க்கலாம். முக்குச் சந்தில் போலீஸ்காரர் நின்றால் எல்லாரும் அவர் கைக்கு நின்றார்கள். அவர் டீ குடிக்கப் போனால் அந்த இடத்திலேயே ஒருவரை ஒருவர் முந்தினார்கள். சாவு ஊர்வலம் வந்தால் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தார்கள். சாலையோரத்து அம்மன் கோயில் எதிரில் ஒவ்வொரு லாரியும் குறைந்தது. ஓட்டுகிறவர் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேகம் எடுத்தார். இதைப் பெரிய டீச்சரிடம் சொன்னபோது, "அப்ப நம்ம கேட்டுல ஒரு சூலத்தை நட்டுடலாம், போர்டுக்குக் குடுத்த பெயிண்டு வேஸ்ட்டு" என்றார். எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம் வலைதான். போர்டைப் பார்த்துக் குறைக்காத லாரி, சாலையில் வலை கிடந்தால் ஆமை போல் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. ஒரு சக்கரம் வலையில் ஏறி நான் பார்க்கவில்லை. வலை மேல் ஏற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சொல்லப்போனால் சாலையில் வலை விரிப்பதுதான் குற்றம்.

மூன்றாம் நாள் காலையில் உன் தாத்தாவின் லாரி வந்தது. முன் கண்ணாடிக்கு மேலே அவர் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழத்தை வைத்தே தெரிந்தது. பிள்ளைகள் சாலையோரத்தில் கைகோர்த்து நின்றார்கள். லாரி குறையவில்லை. போர்டைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டிப் போயிற்று. நான் பென்சிலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். குறி போடவில்லை. அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயது வரை காசிமேட்டில் கட்டுமரம் ஏறியவர். பிறகு துறைமுகத்துக்குப் போய் லாரி கற்றுக்கொண்டார். என் அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துபோய்விட்டதால், அவர்தான் சமைத்துப் போட்டு என்னைப் படிக்கவைத்தார். தெருவில் நாய் குறுக்கே வந்தால் நிறுத்துவார். அன்று சாயங்காலம் சாப்பாடு போடும்போது, ஒன்றும் தெரியாதவள் போல அவரிடம் கேட்டேன்.

"நைனா, ஸ்கூலாண்ட ஒரு போர்டு கீதே, பாத்தியா?"

"எந்த போர்டு?"

"மெதுவா போன்னு எழுதியிருக்கும்."

"கீது கீது. அது எவனோ ஆபீசரு வந்தப்ப நட்டுனு போனது." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "லோடு வண்டிய நிறுத்தி எடுக்கறது இன்னா சும்மாவா கண்ணு? மொதல் கியர்லேர்ந்து திரும்ப இஸ்துகினு வரணும். நடைக்கு இத்தினின்னுதான் நமக்குக் கூலி. போர்டு போர்டா நின்னா சோத்துக்கு இன்னா பண்றது?"

"வலைக்கு மட்டும் ஒதுங்கிப் போறியே."

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "வலை மேல எவனாச்சும் ஏத்துவானா?"

"ஏன் ஏத்த மாட்டான்?"

"இன்னா கேள்வி இது. வலைடி அது" என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். பிறகு என் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் கூப்பிடாமல், தனியாகக் குப்பத்துக்குள் போனேன். மரகதம் வீட்டு வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். வலையைப் பாதிச் சாலைக்கு விரிப்பதற்குப் பதில், பள்ளிக்கூடத்துக்கு எதிரில், பிள்ளைகள் கடக்கும் நேரத்துக்கு மட்டும் முழுச் சாலைக்கும் குறுக்கே விரிக்க முடியுமா என்று கேட்டேன். லாரி நின்றுதான் ஆக வேண்டும். பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் ஒரு பக்கம் இழுத்துவிட்டால் போகும். மூன்று முறை சொன்ன பிறகுதான் என் குரல் அவளுக்குக் கேட்டது. கேட்டதும் சிரித்தாள். உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் தயங்கினார். தொழிலுக்குப் போகும் வலை, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கண்ணி கண்ணியாக முடிந்தது. ஒருவன் ஏற்றிவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் தயக்கத்தைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது. என் பெரிய முட்டாள்தனத்தை அப்போதுதான் செய்தேன். "நல்ல வலை வேண்டாங்க, பழைய வலை ஏதாவது இருந்தா போதும்" என்றேன். வலை முடிகிறவரின் பேத்தி நான். ஆனால் புத்தகத்தின் பக்கம் போனதிலிருந்து எனக்கு எல்லா வலையும் ஒன்றுதான். லாரிக்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய வலையை இழுத்து வந்து குறுக்கே போட்டார்கள். போட்டுவிட்டு அவர்கள் கரைக்குப் போய்விட்டார்கள். அதைக் காவல் காக்க என்ன இருக்கிறது? நான் பள்ளிக் கேட்டின் தூணுக்குப் பின்னால் நின்றேன். எதிர்ப்புறம் பிள்ளைகள் கூடி நின்றார்கள். முதலில் வந்த லாரி உன் தாத்தாவுடையது. நின்றது. நினைத்தது நடந்துவிட்டது என்று தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் இறங்கி வந்தார். குனிந்து வலையில் ஒரு கண்ணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். நூல் அப்பளம் போல அறுந்தது. லாரியில் உட்கார்ந்திருந்த லோடு ஆளைப் பார்த்து, "இத்துப்போன வலை மாமு. எவனோ வேல காட்றான்" என்றார். ஏறி உட்கார்ந்தார். வலை மேலேயே ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் வந்த இரண்டு லாரிகளும் அந்தத் தடத்திலேயே போயின. கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற வள்ளி, சாலையைக் கடந்து வந்ததும் என்னிடம் சொன்னாள்: "டீச்சர், வலை மேல ஏத்திட்டாரு." அதுவரை அப்படி ஒன்று நடக்கும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் நான் அவருக்குச் சோறு போடவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் நின்றேன்.

"இன்னிக்கு நீ ஏத்தினியே, அந்த வலையப் போடச் சொன்னது நான்தான் நைனா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா?"

"கேட்டுக்குப் பின்னால நின்னுகினு இருந்தேன். எதிர்ல புள்ளைங்க நின்னுகினு இருந்தாங்க."

"முன்னால வந்து நிக்கறதுதான? உன்னப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பனே."

"என்னைப் பாத்தா நிறுத்துவ. வள்ளியைப் பாத்தா?"

நான் அவரிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு, எனக்குச் சொல்வது போலவும் தனக்கே சொல்வது போலவும் சொன்னார்: "நல்ல வலைன்னா பக்கத்துல ஒருத்தன் இருப்பான் கண்ணு. அவன் இல்லாட்டியும் இருக்கற மாரிதான். செத்த வலைன்னா அதுக்கு ஆளு இல்லன்னு அர்த்தம். அப்டிதான் நென்ச்சேன். அந்த போர்டுகூட அப்டிதான், யாருமில்லாததுன்னு நென்ச்சுகினு இருந்தேன்."

நான் சோறு போட்டேன். நான் தேடிய பதிலில் ஒரு துண்டு அன்று கையில் கிடைத்தது. போலீஸ்காரருக்கு நிற்பதும், சாவு ஊர்வலத்துக்கு நிற்பதும், வலைக்கு ஒதுங்குவதும் பயத்தால் மட்டும் இல்லை. அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது. எங்கள் போர்டுக்குப் பின்னால் யாரும் இல்லை. நான்கூட ஜன்னலுக்குப் பின்னாலும் தூணுக்குப் பின்னாலும்தானே இருந்தேன்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. மரகதத்திடம் போய் நல்ல வலையைக் கேட்டேன்.

"அது எங்க சோறு டீச்சரம்மா. லாரி ஏறிட்டா?"

"வலைக்கு முன்னால நான் நிக்கிறேன். ஏறணும்னா என்னைத் தாண்டித்தான் ஏறணும்."

"நீயா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பேசறது எனுக்கே பாதிதான் கேக்குது. லாரிக்காரனுக்கு எங்க கேக்கப் போவுது?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், கால் நடுங்கியதால் முடியவில்லை. அதை அவள் பார்த்துவிட்டாள். "சரி, நடுங்காத. நீயும் நில்லு, நானும் நிக்கறேன். உன் வாய்க்கு என் வாயி."

மறுநாள் காலையில், சாயம் ஏற்றிக் கருஞ்சிவப்பாக இருந்த நல்ல வலையைச் சாலைக்குக் குறுக்கே விரித்தார்கள். மரகதத்தின் புருஷன் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். நடுச் சாலையில் நானும் அவளும். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைப் பார்த்தது அன்றுதான். முக்குச் சந்துப் போலீஸ்காரர் வேகமாக வந்தார்.

"யாரும்மா ரோட்டை மறிச்சது? கேஸ் போட்டுடுவேன், தெரியுமா?"

"போடு நைனா. மொதல்ல போர்டுக்கு நிக்காத லாரி மேல போட்டுட்டு அப்பால எங்க மேல போடு. வரிசையா வரட்டும்" என்றாள் மரகதம்.

அவர் பதில் சொல்வதற்குள் லாரிச் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு மேல் எலுமிச்சம்பழம். அந்த நேரத்தில் வந்தது தற்செயலா, அவர் அந்த நடையை வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் கையை உயர்த்தினேன். தோளுக்கு மேல் போகவில்லை, ஆனாலும் உயர்த்தினேன். லாரி வலைக்கு வெகு தூரத்திலேயே நின்றது. அவர் எஞ்சினையும் அணைத்துவிட்டார். கூலிக்கு ஓடுகிறவர் எஞ்சினை அணைப்பது சாதாரணம் இல்லை. பின்னால் லாரிகள் சேர்ந்தன, ஹாரன் அடித்தார்கள். ஒருவர் தலையை நீட்டி, "இன்னா நைனா, பேஜாரு பண்ற? ஜல்தியா எடு" என்று கத்தினார்.

"வலை கீது, கண்ணு தெரியல?" என்றார் உன் தாத்தா.

"எத்தினி நேரம்?"

"புள்ளைங்க போற வரிக்கும்."

பிள்ளைகள் வலை ஓரமாக, ஒரு கண்ணியையும் மிதிக்காமல், ஒருவர் பின் ஒருவராகக் கடந்தார்கள். வள்ளி கடைசியில் வந்தாள். லாரியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்தாள், ஓடவில்லை. போலீஸ்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சீக்கிரம் மடிங்கம்மா" என்று மட்டும் சொல்லிப் போனார். உன் தாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

குப்பத்துப் பிள்ளைகள் யாரும் பள்ளியை விட்டு நிற்கவில்லை. வலையைத் தினமும் அங்கேயே விரித்தார்கள். பிள்ளைகள் கடந்ததும் ஒரு பக்கம் இழுத்துவிட்டு, மாலை நாலு மணிக்கு மறுபடி குறுக்கே இழுத்தார்கள். பிறகு மழைக்காலம் வந்தது, வலை வீட்டுக்குள் போயிற்று. நான் குடையோடு தனியாக நின்று கையைக் காட்டினேன். பாதிப் பேர் நின்றார்கள். வலை இல்லாமலே நின்றார்கள். எனக்கு ஆவல் தாங்கவில்லை. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு லாரிக்காரரிடம், கூச்சத்தை விழுங்கிவிட்டு, "நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் நான் ஏதோ குற்றம் சொல்வதாக நினைத்துவிட்டார். "தெரியாதும்மா. இந்த இடத்துல எல்லாரும் நிக்கறாங்க. நானும் நின்னேன்" என்றார். அவர் அந்த வலையைப் பார்த்ததே இல்லை.

ஆகவே இன்னொரு துண்டும் கிடைத்தது: முன்னால் போகிறவர் நிற்கிறார் என்பதற்காகவும் பின்னால் வருகிறவர் நிற்பார். ஆனால் இதுவும் முழுப் பதில் இல்லை. எல்லாரும் நிற்பதில்லை. ஏன் இந்த ஆள் நின்றார், அந்த ஆள் நிற்கவில்லை என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உன் காலத்தில் சாலையில் பாரிமுனை மாதிரி எல்லா இடத்திலும் விளக்குகள் வந்திருக்கலாம். விளக்குக்கு எல்லாரும் நிற்கிறார்களா? பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் நிற்கிறார்களா? நீ நிற்கிறாயா? கேள்வி கேட்பவள் அம்மா என்பதற்காகப் பொய் சொல்லாதே, எனக்கு உண்மையில் தெரிந்துகொள்ள ஆசை. ஒரு புத்திமதி மட்டும் சொல்கிறேன். காலியான சாலையில் ஒரு போர்டைப் பார்த்தால், இறங்கி அதன் நூலை இழுத்துப் பார்க்காதே. இற்றுப்போனதாகவே தெரியும். எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னால், முன்னால் வரக் கூச்சப்படுகிற ஒருத்தி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்.

இனி அங்கே நிற்கப்போவது மரகதம். "நீ போனா இன்னா டீச்சரம்மா, நான் கீறேன். என் கை உன் கைய விட மேல போவும்" என்று நேற்று சொன்னாள். உண்மைதான். வள்ளி இப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

கடைசியாக ஒன்று. இன்று சனிக்கிழமை. மேசையில் விட்டுவந்த மைக்கூட்டை எடுக்க உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் இல்லை, வலை இல்லை, மரகதம் இல்லை, வெறும் வெயில். பழைய ஜன்னலில் உன்னை உட்காரவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தேன். உன் தாத்தாவின் லாரி வந்தது. நாம் மாடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. போர்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி குறைந்தது. நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஓர் ஆள் நடந்து கடந்துவிடலாம், அவ்வளவு மெதுவாகப் போயிற்று. தாண்டிய பிறகு கியர் மாற்றும் சத்தம் கேட்டது. நீ கண்ணாடியைத் தட்டினாய்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் கடைசியாக எழுதிய பக்கத்தில் ஒரு நேர்கோடு போட்டேன். பிறகு பின்னால் திருப்பி, மூன்றாம் நாள் பக்கத்தை எடுத்தேன். அங்கே பென்சில் குறிகளுக்கு நடுவே, மையில் போட்ட ஒரு பெருக்கல் குறியை நீ பார்ப்பாய். அதை இன்றைக்குத்தான் போட்டேன். மீதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒரு ஜன்னல் கிடைத்தால் நீ தொடர்ந்து எழுது.

உன் அம்மா